தர்ஷியின் பஸ்ஸும் சாமியறைப் பெட்டியும்

புரட்டாதி 6, திங்கள்

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது போல. விடியற்காலையிலேயே புழுக்கம். துறைமுகப் பக்கம் வானம் வெளுத்துக் கிடந்தது.

நவராத்திரி தொடக்கம். முழுகி, சாமியறை கழுவி, கோலம் போட்டு, ஒன்பது சட்டியில் ஈரமண் நிரப்பி நவதானியம் தூவினேன். பெரிய பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறைத்து, மாவிலை, தேங்காய், பட்டுத்துண்டு. கும்பம் வைத்தாயிற்று. இனி விஜயதசமி வரை அதை யாரும் அசைக்கக்கூடாது.

இந்த வருடம் ஒரு புதுமை. கும்பத்துக்குப் பின்னால் அரைவட்ட வளைவு. மட்டை வெட்டி, தகடு மாதிரி மினுங்கும் தங்கத்தாள் ஒட்டி, முழுக்க என் கைவேலை. வீடியோ பார்த்துப் படித்தது. இன்ரநெற் ரூட்டர் பெட்டி சாமியறைத் தட்டில்தான் இருக்கிறது. வயர் இழுக்க வந்த அன்று நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன், கண்டபடி யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. அது அம்மனுக்குப் பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இன்று வளைவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வடிவோ வடிவு.

கணக்கு: தேங்காய் 3. கற்பூரம் 1 பெட்டி. கடலை அரைக் கிலோ. தங்கத்தாள் 6, மிச்சம் ஒன்று.

இவர் வேலையால் வந்து பார்த்துவிட்டு, "அம்மன் இன்னும் வரேல்லை, அதுக்கு முதல் மண்டபம் வந்திட்டுது" என்றார். இழுவைப்படகில் வேலை செய்கிற மனிதருக்கு அலங்காரம் விளங்காது.

பின்னேரம் மருமகள் தர்ஷி தன் அறையில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி கொடுக்கப் போனேன். லப்டொப்பில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, யாரோ கோலத்தை மிதித்தது போல.

"என்ன பிள்ளை இது?"

"ஒண்டுமில்லை மாமி. பரவாயில்லை."

புரட்டாதி 8, புதன்

நேற்று இடிமழை. இன்று நல்ல வெயில், முற்றம் காய்ந்துவிட்டது. சட்டிகளில் பயறு முளை காட்டியிருக்கிறது. அம்மாளே.

மகன் கஜன் அழைத்தான். கப்பல் எங்கோ துறைமுகத்தில் நிற்கிறதாம், ஊர்ப்பெயர் வாயில் நுழையவில்லை. ஆனியில் கல்யாணம், ஆவணியில் கப்பல் ஏறினான். எடுத்த எடுப்பில்:

"அம்மா, தர்ஷி உங்களிட்டச் சொன்னவளோ?"

"என்னத்தை?"

"சொல்லேல்லை. எனக்குத் தெரியும் சொல்ல மாட்டாள் எண்டு."

விசயம் இதுதான். தமிழ்ப் பெண்பிள்ளைகள் சிலர் சேர்ந்து, தாங்கள் கேம் விளையாடுவதைப் பதிவு செய்து இன்ரநெற்றில் போடுகிறார்கள். தர்ஷியையும் சேர்க்க விருப்பமாம். அதற்கு முதலில் ஒரு மணித்தியாலப் பதிவு ஒன்று கேட்டிருக்கிறார்கள். நடுவில் வெட்டு ஒட்டு இருக்கக்கூடாது, படம் உடையக்கூடாது. வருகிற செவ்வாய் இரவுக்குள். கல்யாணத்துக்கு முதலே அவளுக்கு இந்த ஆசை இருந்ததாம்.

"வீட்டில நெற் சரியில்லைப் போல. கொஞ்சம் பாருங்கோவன் அம்மா. நான் சொன்னது எண்டு சொல்லாதேங்கோ."

சரி. பார்ப்போம் என்றால் முதலில் விளங்கவேண்டும். தர்ஷியிடம் மெல்ல மெல்லக் கேட்டு எழுதிக்கொண்டது:

1. கேம் ஓடுவது அவளுடைய அறை ரீவியோடு கிடக்கும் கறுப்புப் பெட்டியில்.
2. அந்தப் பெட்டியே பதிவு செய்யும், ஆனால் துண்டு துண்டாகத்தான்.
3. ஆகவே பெட்டியில் ஓடும் படத்தை வீட்டு வைஃபை வழியாக லப்டொப்புக்கு எடுக்கிறாள். அங்கே தன் குரலையும் சேர்த்துப் பதிகிறாள்.
4. நேரே பதிவதற்குத் தனிக்கருவி விற்கிறார்கள். அவளிடம் இல்லை. கேட்கவும் மாட்டாள்.

இதுதான் எனக்கு மனதில் குத்துகிறது. வந்த நாள் தொடக்கம் இந்த வீட்டில் எனக்கு இது வேண்டும், இது பிடிக்காது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும் பரவாயில்லை. மின்விசிறி கரகரத்தாலும் பரவாயில்லை. விருந்துக்கு வந்த ஆள் மாதிரி இருக்கிறாள்.

கொம்பனிக்கு அழைத்தேன். நல்ல மரியாதையான பிள்ளை ஒன்று கதைத்தது. "அம்மா, உங்கட லைன் சுத்தமா இருக்கு" என்றது. நம்பாமல் போனை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போய் வேகம் பார்த்தேன். பாய்கிறது! தர்ஷியின் அறையில் போய்ப் பார்த்தால் நோயாளி மாதிரி.

உட்கார்ந்து போனில் ஒரு மணித்தியாலம் வாசித்தேன். விளங்கிவிட்டது. வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிற வேகம் வேறு, வீட்டுக்குள் ஓடுகிற வேகம் வேறு. குழாய்த் தண்ணீர் போலத்தான். கேற்றடியில் நல்ல வேகத்தில் வந்தாலும் குசினிக் குழாய் அடைத்திருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தர்ஷியின் படம் கேற்றுக்கு வெளியே போவதே இல்லை. அறையிலிருந்து சாமியறை ரூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்ப அதே அறைக்கு வருகிறது. ஆகவே அடைப்பு வீட்டுக்குள்.

இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் சோறு குழைந்துபோயிற்று.

புரட்டாதி 9, வியாழன்

வெயில். காகங்களின் தொல்லை.

இன்று செய்து பார்த்தவை:
ரூட்டரை அணைத்துப் போட்டது. சுவிட்ச் சுவரில் இருப்பதால் கும்பத்தைத் தொடாமல் முடிந்தது. பலன் இல்லை.
இவருடைய போன், என்னுடைய போன் இரண்டிலும் வைஃபை நிறுத்தம். பலன் இல்லை. இவர் செய்தி பார்க்க முடியாமல் முணுமுணுப்பு.
ரூட்டருக்குள் போய் அலைவரிசை மாற்றினேன். கடவுச்சொல்லை முருகன் படத்துக்குப் பின்னால் நானே எழுதி ஒட்டியிருந்தேன், நல்ல காலம். கொஞ்சம் பலன். பத்து நிமிடம்.
படத்தின் தரத்தைக் குறைத்தது. உடைவு குறைந்தது. ஆனால் பழைய கல்யாண வீடியோ மாதிரி மங்கல்.
தர்ஷியின் அறைக் கதவைத் திறந்து வைத்தது. ஒன்றுமில்லை.
பாட்டு. அபிராமித்தாய்க்கு ஒன்று, சரஸ்வதிக்கு ஒன்று. இதற்குப் பலன் உடனே தெரியாது, பொறுமை வேண்டும்.

தர்ஷி என் பின்னால் நின்று நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுப்பாள், பிறகு சாமியறைப் பக்கம் பார்ப்பாள், பிறகு, "மாமி, நீங்கள் கஷ்டப்படாதேங்கோ." அவ்வளவுதான்.

"இவ்வளவு நாளும் ஓடினதுதானே பிள்ளை? திங்கக்கிழமையிலயிருந்து என்ன நடந்தது?"

"தெரியேல்லை மாமி" என்றாள். நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

புரட்டாதி 10, வெள்ளி

காலையில் மூடல், பிறகு வெளித்தது. தெருமுனையில் ஊர்க்கும்பம் வைக்கிற கும்பத்துமாலில் உடுக்கு, பாட்டு. நெய்வேத்தியம்: அவல், கடலை. பூ வாங்கும் சாட்டில் மெயின் வீதி வரை போனேன். எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரின் எலக்ரிக் கடை. வைஃபையைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார் என்று தெரியும்.

நானா பெட்டியைக் கையில் எடுத்தார், தரவில்லை. "என்னத்துக்கக்கா?"

சொன்னேன்.

"மருமகள் கேம் விளையாடுறா, நீங்க சாமான் வாங்க வந்திரிக்கீங்க. எங்கட ஊட்டுல மாமியும் மருமகளும் ரிமோட்டுக்கே சண்டை" என்று சிரித்தார். பிறகு, "இத வாங்காதீங்க. பாதி வேகத்தத் தின்னும். படம் பதியுறதெண்டா வயர்தான். வயர் இழுங்க."

வியாபாரி தன் சாமானை வாங்காதே என்று சொன்னால் கேட்கவேண்டியதுதான்.

வயர் என்றால் ரூட்டரின் முதுகில் செருக வேண்டும். ரூட்டரின் முன்னால் வளைவு, அதன் முன்னால் கும்பம், அதைச் சுற்றி ஒன்பது சட்டி. கை போகாது. விஜயதசமி கழித்துத்தான். செவ்வாய் அதற்கு முதல் வருகிறது. யோசித்துக்கொண்டே வீடு வந்தால் தர்ஷி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஒண்டு சொல்லலாமோ?"

எனக்கு நெஞ்சு துள்ளியது. ஏதோ கேட்கப் போகிறாள் என்று.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில யாழ்ப்பாணம் போயிட்டு வரட்டோ? அம்மா வீட்டில இருந்து பதிஞ்சு அனுப்பிப்போட்டு வாறன். விஜயதசமி முடிய வந்திடுவன்."

கேட்டதே போவதற்குத்தான். ஓம் பிள்ளை, போயிட்டு வா என்றேன். வேறென்ன சொல்ல? தலை நவராத்திரி. சரஸ்வதி பூசைக்கு ஏடு வைக்க இந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளே என்று நினைத்திருந்தேன். கேம் பெட்டி ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனால் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் அங்கேதான். கஜன் வருகிறபோது மட்டும் இங்கே. அப்படித்தான் முடியும். அவளில் பிழையில்லை. வசதி எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பாள்.

அம்மனிடம் இன்று நீண்ட நேரம் நின்றேன். கேட்டது எழுத வேண்டியதில்லை.

புரட்டாதி 11, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் தர்ஷியிடம், உடைந்த பதிவு ஒன்றை என் போனுக்கு அனுப்பு, எந்த எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்போம் என்றேன். அனுப்பினாள். குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் போட்டேன்.

அது பஸ் ஓட்டும் கேம். பனிமலை, வளைவு வளைவாகப் பாதை, கீழே பாதாளம். பஸ்ஸை ஓட்டுவதும் இவள்தான், கொண்டக்டரும் இவள்தான். என்ன குரல்!

"உப்புவெளி, சல்லிச் சந்தி, நிலாவெளி, குச்சவெளி, திரியாய்! ஏறுங்கோ ஏறுங்கோ! அண்ணை, பின்னுக்கு இடம் கிடக்கு, வாசல்ல தொங்கி ஆருக்குப் படம் காட்டுறீங்கள்? அக்கா, அந்தக் கோழியை மடியில வையுங்கோ, அதுக்கும் ரிக்கற் போடுவன்!"

பனி கொட்டுகிற மலையில் நிலாவெளிப் பஸ். ஒரு வளைவில் பஸ் சறுக்கி அந்தரத்தில் நிற்கிறது. "ஒருத்தரும் இருமாதேங்கோ" என்கிறாள். நான் வெங்காயத்தை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். இந்தப் பிள்ளையா என் வீட்டில் பரவாயில்லை மாமி என்று திரிகிறது? எங்கள் பாதையில் ஒரு தரிப்பிடம் விடாமல் எப்போது பாடமாக்கினாள்? இந்தப் பக்கம் அவளுக்கு ஒருவரையும் தெரியாதே. பஸ்ஸில் என்னோடு கோயிலுக்குப் போகிறபோது யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது இதற்குத்தானா.

விளையாட்டு முடிந்தது. பதிவை நிறுத்த மறந்துவிட்டாள் போல. யாரோ சிநேகிதியோடு கதைக்கிறாள்:

"ஏன் உடையுது எண்டு தெரியுமடி. ரூட்டர் கும்பத்துக்குப் பின்னால. பித்தளைக் குடம் நிறையத் தண்ணி, அதுக்குப் பின்னால தகடு மாதிரித் தங்கத்தாள். வைஃபை எங்கால வரும்? நான் ஆரிட்டப் போய் முறையிட? ஒரு பக்கம் அம்மன், மற்றப் பக்கம் மாமி."

அவள் ஏதோ சொல்ல, இவள்:

"உனக்கு விசரோ? மாமி இரண்டு நாள் இருந்து ஒட்டினவ. எவ்வளவு வடிவு தெரியுமோ. நான் வாயே திறக்கமாட்டன். பாவம் அவ, ஒவ்வொரு நாளும் போனையும் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரியிறா. எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது."

வெங்காயமோ என்னவோ, எனக்கும் இரண்டும் வந்தன.

கொம்பனியைச் சந்தேகித்தேன், கதவைச் சந்தேகித்தேன், இவருடைய போனைச் சந்தேகித்தேன். சாமியறைக்குள் நின்று வேகம் பார்த்தபோதுகூட வளைவுக்குப் பக்கமாக எட்டிப் பிடித்துத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அடைப்பு இருக்கும் என்று ஒரு கணம் நினைக்கவில்லை. அம்மன் இருக்கிற இடத்தை யார் சந்தேகிப்பது?

உடனே போய்ச் சோதித்தேன். கும்பத்துக்கு முன்னால் நின்றால் போனில் ஒரு கோடு. பக்கவாட்டில் கையை நீட்டினால் முழுக்கோடும். சத்தியமாக நான்தான் மறைத்திருக்கிறேன்.

பின்னேரம் நானாவிடம் வயர். சுவர்க் காற்றுத்துளைகள் வழியாக இழுக்கவேண்டும், முனையில் செருகுகிற தலை வைத்த வயர் போகாது என்று நானே தலை மாட்டுவதாகச் சொன்னேன். நசுக்கும் குறடும் தந்தார், திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும்.

புரட்டாதி 12, ஞாயிறு

விடியத் தூறல், பிறகு இல்லை. முளை நாலு விரல் உயரம்.

தர்ஷியின் பை ஹோலில். பின்னேரப் பஸ்.

தேத்தண்ணி குடிக்கிறபோது சொன்னேன்: "இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ. மற்றாக்கள் கம்பியைப் பிடியுங்கோ."

கோப்பை அவள் கையில் அப்படியே நின்றது.

"மாமி... அதில என்னென்ன கேட்டனீங்கள்?"

"கோழிக்கு ரிக்கற் போட்டது கேட்டன். தங்கத்தாளும் கேட்டன்."

"ஐயோ மாமி!" முகத்தை மூடிக்கொண்டாள். காது வரை சிவப்பு.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடி மாமி சொல்லுறது? வந்த வீட்டில கும்பத்தை மாத்துங்கோ எண்டோ? எங்கட அம்மா அறிஞ்சா என்னை வெட்டிப்போடுவா."

"கும்பத்தை ஆர் மாத்துறது? கும்பம் இருந்த இடத்தில இருக்கும். நாங்கள் சுத்திப் போவம். உன்ர கை மெல்லிசு. வா."

முதலில் வளைவு. அதைத் தூக்கினால் சட்டியில் முட்டும். அதனால் தங்கத்தாளை மட்டும் பக்கவாட்டிலிருந்து உரித்தேன், தாயே பொறுத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி. இரண்டு நாள் ஒட்டியது, ஐந்து நிமிடத்தில் போயிற்று. வெறும் மட்டைக்குப் பூச்சரம் தொங்கவிட்டேன். உண்மையில் முன்னையிலும் பார்க்க வடிவு, இவருக்குச் சொல்லவில்லை.

பிறகு இரண்டு பேரும் நிலத்தில் படுத்து, யன்னல் பக்க இடைவெளியால் அவள் கையை விட்டாள். நான் குத்துவிளக்கை நகர்த்திப் பிடித்தேன்.

"மாமி, கையில ஏதோ தட்டுப்படுது."

"அது விபூதிச் சட்டி. இன்னும் உள்ளுக்கு."

"இது?"

"அது பிள்ளையார். அவரை விடு."

இவர் வாசலில் வந்து நின்று, "ரெண்டு பேரும் அம்மனுக்குப் பின்னால என்னத்தைக் களவெடுக்கிறியள்?" அவ்வளவுதான், தர்ஷி சிரிக்கத் தொடங்கினாள். கை உள்ளே, ஆள் வெளியே, நிறுத்தமுடியாத சிரிப்பு. அவள் சத்தமாகச் சிரித்து நான் இன்றுதான் கேட்டேன். எனக்கும் தொற்றிவிட்டது. வயர் ரூட்டரின் முதுகில் ஏறியதும் சட்டிகள் தப்பியதும் அம்மன் செயல்.

வயர்: சாமியறைக் கதவுக்கு மேல் காற்றுத்துளை, நடை, தர்ஷியின் அறைக் காற்றுத்துளை. இவர் ஏணியில். படகுக் கயிறு கட்டுகிற பழக்கம், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு முடிச்சு. அவிழ்க்கவேண்டி வந்தால் கத்திதான்.

அறைப் பக்கத் தலை மாட்டியதும் நான். உள்ளே எட்டு மெல்லிய கம்பி. செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, மண்ணிற வெள்ளை, மண்ணிறம். தோத்திரம் மாதிரி ராகத்தில் சொல்லிச் சொல்லி அடுக்கினேன். முதல் தலை பிழை, பச்சையும் நீலமும் இடம் மாறிவிட்டன. வெட்டி எறிந்தேன். இரண்டாவது சரி. கேம் பெட்டியில் செருகினோம். வெளிச்சம் வந்தது!

பதிந்து பார்த்தோம். குறைவுதான், ஆனாலும் உடைகிறது.

இவர் ஏணியை மடித்தார்.

வயரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பெட்டியிலிருந்து ரூட்டருக்கு வயர். ரூட்டரிலிருந்து லப்டொப்புக்கு? அது இன்னும் வைஃபைதானே. அதே குடம், அதே தண்ணீர். "பிள்ளை, பாதித் தூரம் தார் ரோட்டுப் போட்டிருக்கிறம். மிச்சப் பாதி இன்னும் சேறு" என்றேன்.

"ஓம் மாமி! லப்டொப்புக்கும் வயர் வேணும்!" பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா பஸ்ஸுக்கு நேரமாகுது."

போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவளுடைய ஆசை, அவளுடைய நாள். நான் பிழைவிட்டால் அவளுக்குச் செவ்வாய் போய்விடும். அதையும் அவளிடம் சொன்னேன். "ஒரு நாள் தா. நாளைப் பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி நானே பஸ் ஏத்தி விடுறன். செவ்வாய் காலமை அம்மா வீட்டில பதியலாம்."

பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனை எடுத்து ரிக்கற்றைத் திங்களுக்கு மாற்றினாள்.

புரட்டாதி 13, திங்கள்

நல்ல காற்று. உடுப்புக் கழுவல் ஒத்திவைப்பு. முதல் வேலை நானா.

குறடு திருப்பிக் கொடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். இன்னொரு நீள வயர் கேட்டேன்.

"என்னத்துக்கு ரெண்டாவது வயர்?" என்று உள்ளே போய், தலை போட்ட குட்டை வயர் இரண்டும் ஐந்து வாய் உள்ள சின்னப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு. "இத அறைக்குள்ள வைங்க. ரூட்டர் வயர் ஒரு வாயில, கேம் ஒண்டுல, லப்டொப் ஒண்டுல. படம் சாமியறைக்குப் போகவே தேவல்ல. அறைக்குள்ளயே கைமாறும்."

வரும் வழியெல்லாம் இதே நினைவு. பக்கத்தில் இருக்கிற இரண்டு பேர் ஒரு கோப்பையைக் கை மாற்ற ஏன் கிணற்றடி வரை போய் வரவேண்டும்? இவ்வளவு நாளும் படம் கிணற்றடிக்கு நடந்துகொண்டிருந்தது.

மதியம் சமையல் முடித்து, சின்னப் பெட்டியை மேசையில் வைத்து, மூன்று வயரும் செருகி, அம்மனை நினைத்து சுவிட்ச். மூன்று பச்சை விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக.

தர்ஷி பஸ்ஸை எடுத்தாள். மலை. பனி. வளைவு. லப்டொப்பில் பனித்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது. தரத்தைக் கூட்டினாள். உடையவில்லை. இன்னும் கூட்டினாள். பஸ்ஸின் கண்ணாடியில் ஓடும் நீர்த்துளியில் மரத்தின் நிழல் தெரிகிறது! நான் பின்னால் நின்று கையைத் தட்டிவிட்டேன்.

இருபது நிமிடம் பதிந்து பார்த்தோம். ஒரு சதுரமும் இல்லை.

பஸ் ஏறுகிறாளோ என்று நான் கேட்கவில்லை. குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். ஹோலில் அவள் தாயோடு கதைப்பது கேட்டது.

"இல்லையம்மா, வரேல்லை... இல்லை, சுகமாத்தான் இருக்கிறன். இஞ்ச சரிவந்திட்டுது... மாமிதான். ஓமம்மா, மாமிதான் வயர் இழுத்தவ... பகிடி இல்லை!"

பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம்.

கணக்கு: சின்னப் பெட்டி 1, குட்டை வயர் 2. வயர் மிச்சம் ஒரு துண்டு, பூப்பந்தலுக்கு ஆகும். கற்பூரம் முடிந்தது, வாங்கவேண்டும்.

புரட்டாதி 14, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. நாளை சரஸ்வதி பூசை. புத்தகங்கள் தூசு தட்டி அடுக்கினோம். ஏட்டோடு தன் கேம் கைப்பிடியையும் வைக்கலாமோ என்று தர்ஷி கேட்டாள். கேட்டாள்! ஓம், வைக்கலாம், ஆயுதபூசையும்தானே என்றேன்.

பி.ப. 3. கரண்ட் நிற்கவில்லை. உடுக்குக்காரர் இன்னும் தொடங்கவில்லை. இவர் வேலையில். எல்லாம் சரி. தர்ஷி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நான் நடையில் கதிரை போட்டு, தாளித்த கடலையோடு இருந்தேன். உள்ளே இருந்து, "ஏறுங்கோ, ஏறுங்கோ!" பதினைந்து நிமிடம். முப்பது. தொண்டை வறண்டு போகுமே என்று எனக்கு. சாப்பாட்டு நேரத்திலும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சத்தமில்லாமல் வைத்துவிட்டு வருவோம் என்று கடலைத் தட்டும் தண்ணியுமாகக் கதவைத் திறந்தேன். கதவு கிறீச்சென்றது. கையில் வளையல் வேறு.

பஸ் அந்தப் பாதாள வளைவில். அவள் திரும்பவே இல்லை.

"மாமி, கதவைச் சாத்துங்கோ! ரெக்கோட் போகுது!"

பஸ்ஸில் தொங்குகிறவனை விரட்டுகிற அதே குரல். பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்திருக்கிறது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், கண் பெரிதாக. பஸ் சறுக்கியது. திரும்பவும் திரையைப் பார்த்து, பஸ்ஸைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே:

"பாத்தீங்களே சனங்கள்? ஓடுற பஸ்ஸில ஏறின ஆள் எங்கட மாமி. கையில கடலை. இவவுக்கு ரிக்கற் இல்லை, இது இவவின்ர பஸ்தான். மாமி, கடலையை வைச்சிட்டுப் போங்கோ, எனக்குப் பசிக்குது!"

வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

நடையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவர் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, தர்ஷி என்னை ஏசிப்போட்டாள்!"

"என்ன? ஏன்?"

"கதவைத் திறந்ததுக்கு. அதோட பசிக்குதாம்!"

இவர் என் முகத்தைப் பார்த்தார். "அதுக்கு நீர் ஏன் இப்பிடிச் சிரிக்கிறீர்?"

சொல்ல நேரமில்லை. உள்ளே பஸ் இன்னும் இறங்குகிறது, நான் இன்னும் கொஞ்சம் கடலை தாளிக்கவேண்டும்.